பரங்கி மாமியின் பரங்கிக்காய்

பரங்கிக்காய்க்கு நீங்கள் போர்வை போர்த்தியிருக்கிறீர்களா? பக்கத்தில் மின்விசிறி வைத்து வீசியிருக்கிறீர்களா? இரவு பதினொரு மணிக்கு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய், அது சௌக்கியமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கிறீர்களா? சிரிக்காதீர்கள். இதையெல்லாம் தினந்தோறும் செய்கிற ஒரு ஸ்திரீயுடன் ஒரு கோடை முழுவதும் பழகியிருக்கிறேன். அவள் செய்ததில் பாதிக்கு நானும் உடந்தை.

நமக்குப் பரங்கிக்காய் என்றால் என்ன? மார்க்கெட்டில் அரிவாளால் வெட்டி ஒரு பத்தை தருவான். புளிக்குழம்பிலோ கூட்டிலோ போடுவோம். "இன்றைக்கும் பரங்கிக்காயா?" என்று வீட்டில் யாராவது ஒருவர் முகத்தைச் சுளிப்பார். அதோடு சரி. அதன் பெயரே, 'நான் உங்கள் ஊர்க் காய் அல்ல, பரங்கியர் கொண்டுவந்த காய்' என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பிறந்தகம் அமெரிக்கக் கண்டம். அந்தப் பிறந்தகத்தில் அதற்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்தால், புகுந்த வீட்டில் நாம் அதைப் படுத்தும் பாட்டுக்கு வெட்கப்பட வேண்டியதுதான்.

2022-ம் வருஷம் மே மாதம் மகளோடு ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாமென்று அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்குப் போயிருந்தேன். பாஸ்டனிலிருந்து வடக்கே ஒரு சிறிய ஊர். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள், பேத்தி பள்ளிக்கூடத்துக்கு. பகல் முழுவதும் ஜன்னலும் நானும்தான். ஜன்னலுக்கு அடுத்த வேலிக்கு அப்பால், எழுபத்து நான்கு வயது அம்மாள் ஒருத்தி மண்டியிட்டு ஏதோ கொடிக்கு மண் அணைத்துக்கொண்டிருப்பாள். என் பேத்திதான் அவளுக்குப் 'பரங்கி மாமி' என்று பெயர் வைத்தாள். வெள்ளைக்காரி என்பதாலும் பரங்கி, வளர்ப்பதாலும் பரங்கி. பெயரின் பொருத்தத்தை நான் இங்கிலீஷில் விளக்கிச் சொன்னபோது மாமி விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கே சிநேகமாகிவிட்டோம்.

அவள் வளர்த்தது கறிக்கு ஆகிற காய் அல்ல. எடை போடுவதற்காகவே வளர்க்கிற ராட்சதப் பரங்கி. அந்த நாட்டில் அதற்குப் பெரிய சரித்திரமே இருக்கிறது. கனடாவில் வில்லியம் வார்னக் என்பவர் 1900-ம் வருஷம் பாரிஸ் பொருட்காட்சிக்கு 400 பவுண்டு காயை அனுப்பினார். 1904-ல் செயின்ட் லூயி பொருட்காட்சிக்கு 403 பவுண்டு. அதை எழுபது வருஷத்துக்கு மேல் யாராலும் மிஞ்ச முடியவில்லை. பிறகு கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஹோவர்ட் டில் என்ற குடியானவர் பல வருஷம் விதை பொறுக்கிப் பொறுக்கி ஒரு ரகத்தை உண்டாக்கினார். 'அட்லாண்டிக் ஜயன்ட்' என்று அதற்குப் பெயர். 1979 முதல் 1982 வரை நான்கு வருஷமும் அவருக்கே முதலிடம். இன்று உலகத்தில் எங்கே ராட்சதப் பரங்கி காய்த்தாலும் அது பெரும்பாலும் அந்த விதையின் வம்சம்தான். 1996-ல் ஆயிரம் பவுண்டைத் தாண்டினார்கள். 2012-ல் மாசசூசெட்ஸிலேயே, டாப்ஸ்ஃபீல்ட் கண்காட்சியில், இரண்டாயிரத்தைத் தாண்டினார்கள். 2025 அக்டோபரில் இங்கிலாந்தைச் சேர்ந்த இரட்டைச் சகோதரர்கள் இருவர் 2,819 பவுண்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். நம் கணக்கில் ஏறக்குறைய 1,279 கிலோ. ஒரு சின்ன மோட்டார் காரையும் அதில் நாலு ஆட்களையும் சேர்த்து நிறுத்தது போல.

பரங்கி மாமிக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. அவளுக்கு இருந்தது வேறு. அதைச் சொல்வதற்கு முன் செடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் கடைசியில் வீட்டுக்குள்ளேயே தொட்டியில் விதை போட்டு, மே மாதம் குளிர் விட்டதும் தோட்டத்தில் நடுகிறார்கள். ஒரே ஒரு செடிக்கு முப்பது அடிக்கு முப்பது அடி நிலம். மாம்பலத்தில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் நாம் ஐந்து பேர் குடித்தனம் நடத்துகிற இடம்! நடுக்கொடி ஒன்று, அதிலிருந்து இரு பக்கமும் கிளைக்கொடிகள். ஒவ்வொரு கணுவிலும் மண் அணைத்தால் அங்கே புதிதாக வேர் விடும். வேர் கூடக் கூட, காய்க்குத் தண்ணீர் கூடும்.

ஜூலை முதல் வாரத்தில் கல்யாணம். மார்கழியில் கோலத்தின் நடுவே சாணப் பிள்ளையாரில் செருகுகிறோமே, அந்தப் பூதான். நீளக் காம்போடு இருப்பது ஆண் பூ. அடியில் சின்ன உருண்டையாகப் பிஞ்சைத் தாங்கிக்கொண்டிருப்பது பெண் பூ. மறுநாள் விரியப்போகும் பெண் பூவை முதல் நாள் மாலையே துணி கட்டி மூடிவிடுவாள் மாமி, வண்டு எதுவும் முந்திக்கொள்ளாதபடி. விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைத் தன் கையாலேயே தடவுவாள். இரண்டு மூன்று பிஞ்சு பிடித்ததும் நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். ஒரு கொடிக்கு ஒரே காய். கிள்ளின அன்று மாமி சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அப்புறம் காய் வளர்கிற வேகத்தைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். ஆகஸ்டு முதல் வாரத்தில் தினம் இருபது, இருபத்தைந்து பவுண்டு ஏறியது. பெரிய போட்டிக்காரர்களின் காய் நாளைக்கு நாற்பது பவுண்டுக்கு மேலேயே ஏறுமாம். எடை எப்படித் தெரியும் என்கிறீர்களா? தராசு வேண்டாம், டேப் போதும். இடுப்பைச் சுற்றி ஓர் அளவு. தரையிலிருந்து தரைக்கு, முதுகின் மேலாகக் குறுக்கே ஓர் அளவு. காம்பிலிருந்து பூ முனை வரை நெடுக்கே ஓர் அளவு. மூன்றையும் கூட்டி, அச்சிட்ட அட்டவணையில் பார்த்தால் ஏறக்குறைய எடை கிடைத்துவிடும். என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு உதவிக்குப் போனேன். காயின் இடுப்பில் பாதி தூரம்கூட அது எட்டவில்லை.

இத்தனை வேகமாக வளர்கிற பிள்ளைக்கு என்ன சாப்பாடு? இங்கேதான் எனக்கு ஓர் அதிர்ச்சி. ஒரு நாள் காலை வேலிக்கு அப்பாலிருந்து வந்த நாற்றத்தில் நான் ஜன்னலைச் சாத்திவிட்டேன். மீன் கழிவைக் காய்ச்சிச் செய்த திரவ உரம்! அதைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தாள் மாமி. பரங்கிக்காயை இத்தனை காலமும் சுத்த சைவம் என்று நம்பிக்கொண்டிருந்தேனே! சென்னையிலிருக்கும் எங்கள் வீட்டுக்காரரிடம் டெலிபோனில் சொன்னபோது, "அப்படியானால் இனிமேல் அமாவாசைக்குச் சேர்க்காதே" என்றார்.

ஊட்டம் மூன்று விதம். தழைச்சத்து இலையையும் கொடியையும் வளர்க்கும். மீன் உரத்தில் இருப்பது பெரும்பாலும் அதுதான். மணிச்சத்து வேருக்கு. சாம்பல் சத்து காய்க்கு. வேர் பிடிக்கும் வரை மணிச்சத்து, கொடி ஓடும் காலத்தில் தழைச்சத்து, காய் பருக்கும் காலத்தில் சாம்பல் சத்து என்று முறை வைத்துக் கொடுக்க வேண்டும். ஆகஸ்டு பாதியில் மாமி மீன் உரத்தை அடியோடு நிறுத்திவிட்டாள். சாம்பல் சத்தும் கடற்பாசிச் சாறும் மட்டும், அதுவும் நீர்க்கக் கரைத்து.

"காய் இன்னும் வளர்கிறதே, இப்போது போய்ப் பட்டினி போடுகிறீர்களே?" என்று கேட்டேன். பிள்ளை பசிக்கிறது என்று வாயைத் திறக்கும் முன்னே தட்டை வைக்கிற ஜாதி அல்லவா நாம்?

மாமி உள்ளே போய் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள்.

அது அவள் கணவருடையது. பதினொரு வருஷம் ராட்சதப் பரங்கி வளர்த்தவர். ஆயிரம் பவுண்டு என்பது அவர் கனவு. 2021 குளிர்காலத்தில் காலமாகிவிட்டார். அவர் தோட்டத்தில் நிற்கிற நாளெல்லாம் மாமி செய்தது காப்பி கொண்டுபோய்க் கொடுத்தது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். பரங்கியில் அவளுக்கு அக்கறையே இல்லை. அவர் போன பிறகு, எழுத்தையாவது பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று நோட்டைப் பிரித்திருக்கிறாள். பிரித்தவள் கணக்கு வாத்தியாரம்மா அல்லவா? வரவு செலவு பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்குமா?

பதினொரு வருஷத்தில் ஆறு வருஷம் காய் வெடித்திருக்கிறது. ஆகஸ்டு 27, வெடித்தது. செப்டம்பர் 3, வெடித்தது. ஆகஸ்டு 30, வெடித்தது. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து நாள் முன்னால் தேடிப் பார்த்தால், அவர் கையெழுத்திலேயே இருக்கிறது: 'இன்று கூடுதலாக ஒரு தரம் உரம்.' அல்லது, 'இரண்டு நாள் விட்டுப்போனதற்குச் சேர்த்துத் தண்ணீர்.' வருஷா வருஷம் அதே வரி, அதே முடிவு. அவருக்கு அது கண்ணில் படவே இல்லை.

காரணம் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். கோடையின் கடைசியில் அதன் தோல் முற்றத் தொடங்கிவிடும். முன்போல இழுத்த இழுப்புக்கு வராது. அந்தச் சமயத்தில் ஊட்டமோ தண்ணீரோ ஒரேயடியாக உள்ளே பாய்ந்தால் சதை பருக்கும், தோல் இடங்கொடாது. டமார் என்று பிளந்துகொள்ளும். காய்க்குள் இருக்கும் குழிவு வரைக்கும் வெடிப்புப் போய்விட்டால் போட்டியில் அதைச் சேர்க்க மாட்டார்கள். நாலு மாத உழைப்பும் குப்பைக் குழிக்கு.

அதனால்தான் இத்தனை பாதுகாப்பும். பகலில் வெள்ளைத் துப்பட்டியால் பந்தல், வெயில் பட்டுத் தோல் சீக்கிரம் முற்றாமலிருக்க. இரவில் கம்பளி, குளிரில் வளர்ச்சி நின்றுபோகாமலிருக்க. அடியில் மணல் மெத்தை, ஈரம் தங்காமல், காய் பருக்கும்போது தடையின்றி நகர்ந்து கொடுக்க. காம்புக்கு அருகில் உள்ள வேர்களை மட்டும் மாமி வெட்டிவிட்டிருந்தாள். காய் உயர உயரக் கொடியும் தரையைவிட்டு எழும்ப வேண்டும். வேர் பிடித்து இழுத்தால் காம்பு முறிந்துவிடும்.

இவை தவிரப் பகைவர் கூட்டம் ஒன்று இருக்கிறது. மான் வந்து இலையை மேயும். நிலத்தைக் குடைந்து வசிக்கும் பெருச்சாளி போன்ற ஒரு கொழுத்த பிராணி வேலிக்கு அடியில் நுழையும். குளவி மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு பகலில் பறக்கும் ஓர் அந்துப்பூச்சி கொடியின் அடியில் முட்டை வைத்துவிட்டுப் போகும். அதன் புழு தண்டுக்குள் புகுந்து குடையும். மரத்தூள் போலத் தண்டருகே உதிர்ந்து கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். மாமி பேனாக்கத்தியால் தண்டை நெடுக்கே கீறி, புழுவை எடுத்து எறிந்துவிட்டு, காயத்தின் மேல் ஈர மண்ணை அப்பினாள். பிரசவம் பார்க்கிற டாக்டரம்மாள்கூட அத்தனை நிதானமாக இருக்க மாட்டாள்.

இந்த இடத்தில் நமக்கு உபயோகமான ஒரு சமாசாரம். கோடைக் கடைசியில் பரங்கி இலைமேல் வெள்ளையாக மாவு தூவினது போல ஒரு நோய் வரும். நம் மாடித் தோட்டத்திலும் பூசணி, வெள்ளரி, பாகல் இலைகளில் இதைப் பார்த்திருப்பீர்கள். இலைதான் செடிக்குச் சமையலறை. அங்கே சர்க்கரை தயாரானால்தான் காய்க்குச் சாப்பாடு. சமையலறையில் பூஞ்சை பிடித்தால் என்ன ஆகும்? இதற்கு மாமி அடித்தது பால்! ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், வாரம் ஒரு தரம், காலை வெயில் வரும் நேரத்தில். பாட்டி வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரேசில் நாட்டு விஞ்ஞானி வாக்னர் பெட்டியோல் இதே குடும்பத்துச் செடியில் சோதனை செய்து, பால் பலன் தருகிறது என்று 1999-ல் எழுதியிருக்கிறார். நோய் முற்றும் முன் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பாலைக் காய்க்குக் குடிப்பாட்டுவது என்று ஒரு கதை அங்கே வெகு காலமாக உண்டு. லாரா இங்கல்ஸ் வைல்டர் 1933-ல் எழுதிய 'ஃபார்மர் பாய்' என்ற புத்தகத்தில், ஒரு சிறுவன் கொடியைக் கீறித் திரி வைத்துப் பால் ஊட்டி வளர்த்த பரங்கி கண்காட்சியில் பரிசு வாங்குகிறது. படித்துவிட்டு என் பேத்தி ஒரு டம்ளர் பாலோடு வேலியோரம் போய் நின்றாள். "பால் கெட்டுப்போய்க் கொடி அழுகும். அதை நீ குடித்துவிடு, கண்ணே" என்று மாமி திருப்பி அனுப்பினாள்.

அந்த ஆகஸ்டில் மாசசூசெட்ஸில் கடும் வறட்சி. புல்வெளிகளெல்லாம் வைக்கோலாகிவிட்டன. தானாகத் தெளிக்கிற குழாய்களுக்கு ஊரில் தடை. கையில் பிடித்து ஊற்றலாம், அதுவும் காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின். மாமியின் செடிக்கு நாளொன்றுக்கு ஐம்பது காலன் வேண்டும். ஏறக்குறைய 190 லிட்டர். காலையில் பாதி, மாலையில் பாதி. ஒரு நாள்கூட விடவில்லை, ஒரு நாள்கூடக் கூட்டவும் இல்லை. மூட்டு வலி அதிகமான நாட்களில் குழாய் என் கையில். குடத்தோடு லாரிக்குக் காத்து நின்ற சென்னைக்காரிக்கு, பரங்கிக்காய்க்கு இத்தனை தண்ணீர் என்பது முதலில் மனசுக்கு ஒப்பவில்லைதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு வந்தது செப்டம்பர் 5-ம் தேதி. அவர்களுக்குத் தொழிலாளர் தின விடுமுறை. இத்தனை நாள் கஞ்சத்தனம் பண்ணின வானம் இரண்டு நாளில் மொத்தமாகக் கொட்டித் தீர்த்தது. பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டில் தெருக்களிலே வெள்ளம். காய்ந்து கிடந்த மண், முற்றிக்கொண்டிருக்கும் தோல், திடீர் மழை. நோட்டுப் புத்தகத்தில் ஆறு தரம் எழுதியிருந்த அதே கூட்டுக் கணக்கு!

தார்ப்பாய்களை எடுத்துக்கொண்டு மாமி வேலியைத் தட்டினாள். மாப்பிள்ளையும் மகளும் நானும் ஓடினோம். வேர்ப் பகுதி முழுவதையும் மூடி, நீர் வேலியோரக் கால்வாய்க்கு வழிந்து ஓடும்படி சாய்வாக விரித்துக் கட்டினோம். பேத்தி டார்ச் பிடித்தாள். என் புடவை முழங்கால் வரை சேறு. அன்றிரவு எங்கள் வீட்டில் ஒருவரும் சரியாகத் தூங்கவில்லை. ஒரு காய்க்காக!

மறுநாள் பார்த்தால், காம்புக்கு அருகே விரல் நீளத்துக்கு ஒரு கீறல். மாமியின் முகம் வெளிறிவிட்டது. நல்ல வேளை, மேல் தோலோடு நின்றிருந்தது. ஈரத்தை ஒற்றி எடுத்து, கந்தகப் பொடி தூவி, காம்பைப் பார்க்க மின்விசிறியைத் திருப்பி வைத்தாள். மூன்று வாரம் அந்த விசிறி நிற்கவில்லை.

செப்டம்பர் மூன்றாவது வாரம் டேப் கணக்குப்படி 950 பவுண்டு. தினம் ஒன்றிரண்டு பவுண்டுதான் ஏறியது. அப்போது பழைய சிநேகிதர் ஒருவர் வந்தார். அவள் கணவரோடு சேர்ந்து பரங்கி வளர்த்தவர். "ஆயிரத்துக்கு இன்னும் ஐம்பதுதானே! ஒரே ஒரு தரம் மீன் உரம் கொடுத்துப் பாரேன். அவர் இருந்தால் கொடுத்திருப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை நான் ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். மாமி தோட்டக் கொட்டகையைத் திறந்து மீன் உரப் புட்டியை எடுத்தாள். வாளியில் தண்ணீர் பிடித்தாள். மூடியைத் திருகினாள். அப்படியே வெகு நேரம் நின்றாள். அவள் நிற்கிற நிலையைப் பார்த்து எனக்குத் தொண்டையை அடைத்தது. அவர் கேட்ட ஆயிரத்தை அவருக்காக எட்டிவிட வேண்டும் என்ற ஆசை அவளுக்கு மட்டும் இருக்காதா? பிறகு மூடியைத் திருகிப் புட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். வாளித் தண்ணீரை வேலியோர ரோஜாவுக்கு ஊற்றிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

எடை போடுகிற நாளன்று மூன்று கால் பளுதூக்கியும் பட்டைக் கயிறுகளுமாக நாலு பேர் சேர்ந்து காயைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். குழந்தை மாதிரிப் போர்வை சுற்றித்தான்! கண்காட்சித் தராசில் முள் கிடையாது, எண்தான். 972 என்று எரிந்தது. 441 கிலோ. பரிசு வரிசையில் எங்கேயோ பின்னால். ஆயிரத்துக்கு இருபத்தெட்டு குறைவு.

நான் மாமியின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவளோ கணவரின் நோட்டைப் பையிலிருந்து எடுத்து, அதிலேயே, அவர் கடைசியாக எழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், தேதி போட்டு எடையை எழுதினாள். கீழே ஏதோ ஒரு வரி எழுதினாள். "என்ன எழுதினீர்கள்?" என்றேன். காட்டினாள். 'முழுசாக வந்து சேர்ந்தது.'

சாப்பிட்டுப் பார்த்தீர்களா என்றுதானே அடுத்தபடி கேட்கப் போகிறீர்கள்? பார்த்தேன். காயைப் பிளந்து விதை எடுத்த அன்று ஒரு துண்டு வாங்கிவந்து, பெருங்காயம், தேங்காய், வெல்லம் எல்லாம் போட்டுப் புளிக்கூட்டு வைத்தேன். நாராகவும் தண்ணீராகவும் இருந்ததே தவிர, ருசி என்று சொல்ல ஒன்றுமில்லை. நம் தெருமுனைக் கடைப் பத்தைக்குக் கால் தூசி பெறாது.

கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிய விதை. மாமி எனக்கு ஒன்று கொடுத்தாள். விதையை விமானத்தில் எடுத்துவர அத்தாட்சிப் பத்திரமெல்லாம் வேண்டுமென்பதால் மகளிடமே கொடுத்துவிட்டு வந்தேன். மறு வருஷம் மே மாதம் ஒரு நாள் விடியற்காலையில் டெலிபோன் மணி அடித்தது.

"அம்மா, மூன்றாவது இலை விட்டிருக்கிறது. உரம் போடட்டுமா?" என்றாள் மகள்.

"வேலிக்கு அந்தப் பக்கம் போய்க் கேள்" என்றேன்.